பட்டாளத்துக்கு ஆடு ஓட்டிப் போனவர்

என் அத்தையின் கணவர் யுத்தத்துக்குப் போனவர். ஆனால் சிப்பாய் இல்லை. காக்கி போட்டதில்லை, துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆடுகளோடு போனார்.

அத்தை, அப்பாவின் தங்கை. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் எங்களோடுதான் இருந்தாள். சங்கரன்கோவிலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் எங்கள் வீடு. தெருப் பக்கம் அப்பாவின் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. கொல்லைப் பக்கம் அத்தையின் ஆட்டுத் தொழுவம். காலையில் ஆடுகளைப் பத்திக்கொண்டு மேலநீலிதநல்லூர் ரோட்டுப் பக்கம் கரிசல் காட்டுக்குப் போவாள். பொழுது சாய வருவாள். வாய் துடுக்கானவள். பஸ்காரன் ஹாரன் அடித்தால் ஆடுகளை விட்டுவிட்டு டிரைவரோடு சண்டைக்கு நிற்பாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. அந்தக் கயிற்றைக் கட்டியவரை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் போய்விட்டார்.

அப்பாவும் மாமாவும் ஒன்றாகத்தான் போனார்கள். இரண்டு பேரும் அப்போது திருவேங்கடம் பக்கம் ஒரே மந்தையில் ஆடு மேய்த்தவர்கள். வெள்ளைக்காரன் பர்மா எல்லையில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். அசாம் மலைகளில் கிடந்த நம் ஊர்ச் சிப்பாய்கள் டப்பாவில் அடைத்த கறியைத் தொடவில்லை. எந்தப் பிராணியோ, யார் அறுத்ததோ என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு சந்தேகம். ஆகவே உயிரோடு ஆடு வேண்டும் என்று பட்டாளம் கேட்டது. கான்டிராக்டர் ஒருவர் சந்தை சந்தையாக ஆடு வாங்கி ரயிலில் ஏற்றினார். ஆடு தானாகப் போய்ச் சேராது. கூடவே போய்த் தண்ணீர் காட்டவும், ரயில் நிற்கிற ஊரிலிருந்து மலைமேல் நடத்திக்கொண்டு போகவும் ஆள் வேண்டும். நல்ல கூலி, ஆறே மாசம் என்றார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் ஆகி ஒரு தை, ஒரு சித்திரைதான் கழிந்திருந்தது.

அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

அவர் எதையும் மறைத்தவர் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். திமாப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, மலைப்பாதையில் கூட்டம் கூட்டமாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். போய் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப இறங்கி அடுத்த கூட்டத்தை ஏற்றுவார்கள். அப்படி ஒரு தரம் ஏறும்போது அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல். நினைவில்லாமல் கிடந்தவரை ஒரு லாரியில் போட்டுக் கீழே அனுப்பினார்கள். மாமா ஆடுகளோடு மேலே போனார். மறு வாரமே ஜப்பான்காரன் ரோட்டை மறித்துவிட்டான். ரோடு திறந்த பிறகு அப்பா எழுந்து போய் முகாம் முகாமாக விசாரித்தார். சிப்பாய்களைக் கேட்டால் கான்டிராக்டரைக் கை காட்டினார்கள். கான்டிராக்டரின் ஆள் மலையைக் கை காட்டினான்.

"ஆடு செத்தா காதை அறுத்துக் கொண்டாந்து காட்டணும்" என்பார் அப்பா. "இல்லன்னா நாம வித்துட்டோம்னு சொல்லுவான். ஆளு செத்தா ஒண்ணும் காட்ட வேண்டாம்."

திரும்பி வந்தபின் அவர் ஆடு மேய்க்கவே இல்லை. கடை வைத்தார். அண்ணன் விட்ட தொழிலைத் தங்கை எடுத்துக்கொண்டாள்.

சிப்பாயாக இருந்திருந்தால் ஒரு தந்தியாவது வந்திருக்கும். செத்தார் என்றோ காணவில்லை என்றோ ஏதோ ஒன்று அதில் இருந்திருக்கும். ஆடு ஓட்டிப் போனவருக்கு யார் தந்தி கொடுப்பார்கள்? ஆகவே அத்தை சுமங்கலியா இல்லையா என்பதை ஊர் கடைசிவரை முடிவு செய்யவில்லை. சில வீட்டு விசேஷத்துக்கு அழைத்தார்கள். சில வீட்டில் அழைத்தும் அழையாத மாதிரி இருந்தார்கள்.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் மஞ்சள் இடிக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். அத்தை உலக்கையை எடுத்தபோது சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "அவ எதுக்கு?" என்று பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள். அத்தைக்குக் காது கூர்மை.

"எனக்கும் தெரியல மதினி" என்றாள். "நீங்கள்லாம் கூடிப் பேசி நான் யாருன்னு ஒரு முடிவு சொல்லுங்க. அதுப்படி ஒதுங்கி நிக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து போய் மஞ்சளை அள்ளி அத்தையின் உரலில் போட்டாள். அத்தை இடிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு வாய்த்தவர் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். வடகிழக்கு எல்லையில் ரோடு போடுகிறவர்களுக்குத் தார், சிமென்ட், அரிசி ஏற்றிப் போகும் லாரி ஓட்டினார். வருஷத்துக்கு ஒரு முறை லீவு. கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அத்தை பேச்சுக் கொடுத்தாள்.

"யய்யா, நீங்க வண்டி ஓட்டுத ரோடு எங்கன இருந்து எங்கன போகுது?"

"திமாப்பூர்ல இருந்து இம்பாலுக்கு, சித்தி."

அத்தை கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் சொன்னார். கடைக்குள் அப்பா தராசை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்த ஊரெல்லாம் இருக்கு" என்றாள் அத்தை. அதுவரை அந்தப் பெயர்களை அப்பாவின் வாயால் மட்டுமே கேட்டிருக்கிறாள். முதன்முதலாக இன்னொருவர் வாயால், சாப்பாட்டுக்கு நடுவில், சாதாரணமாக.

அவரிடம் எல்லாம் சொன்னோம். அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தேடிப் புடிச்சிட்டு வாங்கன்னு சொல்லல. வண்டி நிக்கிற எடத்துல ஒரு வார்த்த கேளுங்க. ஆடு ஓட்டிக்கிட்டு வந்த ஆளுவள ஞாபகம் இருக்கான்னு."

லீவு முடிந்து அவர் போனார். நான் அப்பா வீட்டிலேயே இருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. பருத்தி வியாபாரிகளுக்குக் கோயம்புத்தூருக்கும் பம்பாய்க்கும் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பேன். யார் யாரோ, எங்கெங்கோ இருந்து பேசிக்கொண்டார்கள். பம்பாயில் இருமுகிறவன் இருமல் என் காதில் விழும். என் புருஷன் இருந்த முகாமுக்கு மட்டும் லைன் கிடையாது. சில நாள் வேலை குறைந்த மத்தியானத்தில் காதில் கருவியை மாட்டியபடியே, அவர் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். முகம் வரும். குரல் வராது. அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. புதிதாகக் கல்யாணமானவள் புருஷன் குரலை மறப்பாளா என்று யாரிடம் கேட்பது? ஒரு நாள் ஆட்டுத் தொழுவத்தில் அத்தையிடமே கேட்டேன்.

"எனக்கு மொகந்தான் மொதல்ல போச்சு" என்றாள் குட்டிக்குத் தழை கட்டிக்கொண்டே. "கொரல் இன்னும் இருக்கு."

அவருடைய கடிதங்கள் வரும். கடைசி வரி எப்போதும் அத்தைக்கு: கேட்டேன், தெரியவில்லை என்கிறார்கள். ஒரு லீவில் வந்தபோது கொஹிமாவில் யுத்தத்தில் செத்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்ததைச் சொன்னார். புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை வரிசையாகப் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே நடந்தாராம்.

"எல்லாம் பட்டாளத்துக்காரங்க, சித்தி."

"அவுகளும் ஒருத்தி பெத்த புள்ளதான" என்றாள் அத்தை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் ஆடி மாதம் அவர் லீவில் வந்தார். கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா, ஊர் நிறைந்திருந்தது. அத்தை எப்போதும்போலக் கோயிலில் ஆடிச் சுற்று சுற்றி முடித்து, காட்சி பார்த்துவிட்டு, சம்சாரிகள் சாமிக்கு எறிந்த பருத்தி தலையில் ஒட்டியிருக்க வீட்டுக்கு வந்தாள். அன்று அவர் வாய் திறக்கவில்லை. மறுநாள், கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போனபின், மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா கடைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, "மாமா, இப்படி உக்காருங்க. சித்தியும் வரட்டும்" என்றார்.

அன்று மேய்ச்சலுக்குப் போகாத அத்தை அகத்திக் கட்டோடு வந்து கொல்லை வாசல்படியில் உட்கார்ந்தாள்.

அவர் சொன்னது இது. மழையில் மலை சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது. லாரிகளெல்லாம் நாள்கணக்கில் நின்றன. அரிசி தீர்ந்துபோய், மேலே இருந்த ஒரு நாகர் ஊருக்கு ஏறிப் போயிருக்கிறார். அங்கே ஒரு வீட்டுக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, வயசாளி ஒருவர் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் நிறத்தையும் உட்கார்ந்த விதத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு வாயால் ஒரு சத்தம் போட்டுக் காட்டினார்.

"என்ன சத்தம்?" என்றார் அப்பா.

"எனக்குச் சரியா வராது மாமா."

"வந்தமட்டும் போடுங்க."

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இரண்டு சொடுக்குச் சொடுக்கினார். பிறகு தாழ்ந்த குரலில் ஒரு நீண்ட ஓகாரம். அது முடிகிற இடத்தில் மூக்கால் சின்னதாக ஒரு 'ம்ம்'.

தொழுவத்தில் இரண்டு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தன. அத்தை எழுந்து நின்றுவிட்டாள்.

ஆடு மேய்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆட்டைக் கூப்பிட ஒரு சத்தம் உண்டு. இரண்டு மந்தை கலந்துவிட்டாலும் அந்தச் சத்தத்துக்குத்தான் ஆடு பிரிந்து வரும். சொடுக்கும் ஓகாரமும் எங்கள் பக்கத்தில் பலரும் போடுவதுதான். கடைசியில் வரும் அந்த 'ம்ம்' மட்டும் வேறு யாரிடமும் கிடையாது.

"அவருதாம்ட்டி" என்றாள் அத்தை என்னைப் பார்த்து. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சொல்லுங்க யய்யா. எல்லாத்தையும் சொல்லுங்க."

அந்த வயசாளியும் யுத்தத்தில் பட்டாளத்துக்குச் சுமை தூக்கியவர். குண்டுப் பெட்டியை மேலே கொண்டு போய்விட்டு, அடிபட்டவர்களைக் கீழே தூக்கி வந்தவர். அப்போது கற்ற கொஞ்சம் இந்துஸ்தானி இன்னும் அவரிடம் இருந்தது. ரோட்டில் சண்டை தொடங்கியதும் ஆடுகள் மிரண்டு காட்டுக்குள் ஓடியிருக்கின்றன. மாமா ஆடுகள் பின்னாலேயே ஓடியிருக்கிறார். பிறகு ஒரு நாள் கொஞ்சம் ஆடுகளோடு அந்த ஊர் ஜனங்கள் ஒளிந்திருந்த காட்டில் வந்து சேர்ந்தார். ஜனங்களின் தானியமெல்லாம் எரிந்துபோயிருந்தது. பசி. மாமா ஒவ்வொரு ஆடாக அவர்களுக்கு அறுத்துக் கொடுத்தார்.

"அறுக்குத ஒவ்வொரு ஆட்டுக்கும் காதை வெட்டி எடுத்துக்குவாராம், மாமா. அடுப்புப் பொகையில காயப் போட்டு, கயித்துல கோத்து வச்சிருந்தாராம். எதுக்குன்னு அவுகளுக்குப் புரியலையாம்."

அப்பா அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து, "கான்டிராக்டர்கிட்ட காட்டணும்லா" என்றார். "காட்டணும்லா" என்று இன்னும் பல முறை சொன்னார்.

சண்டை தள்ளிப் போனதும் ஜனங்கள் மாமாவையும் ஊருக்குக் கூட்டி வந்தார்கள்; மழையில் ரோட்டுக்கு இறங்க வழியில்லை. மழைக்காலம் முடியும் சமயம் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்கவில்லை. ஊருக்கு மேலே ஒரு சரிவில் புதைத்தார்கள். அந்தக் காதுக் கயிற்றையும் கூடவே வைத்துப் புதைத்தார்கள். அவருடைய நகை என்று நினைத்திருக்கிறார்கள்.

அத்தை வெகுநேரம் அகத்திக் கட்டைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். பிறகு, "நான் போகணும்ணே" என்றாள்.

சேதி பரவியதும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். இனிமேல் கழுத்தில் கயிறு இருக்கக் கூடாது, செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும் என்றார்கள். அன்று மஞ்சள் இடிக்கையில் மெல்லப் பேசியவளும் வந்திருந்தாள். அத்தை எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். "போயிப் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மலைக்குப் போக அரசாங்க அனுமதி வேண்டும். என்னவர் திரும்பிப் போய், மேலதிகாரியிடம் சொல்லி வாங்கி அனுப்பினார். அப்பாவை வரச் சொன்னோம். அவர் கொல்லைப் பக்கம் பார்த்தார்.

"ஆட்ட யாரு பாக்கது?" என்றார். "நீங்க போயிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

தீபாவளி கழிந்து நானும் அத்தையும் மெட்ராஸ் மெயில் ஏறினோம். ரயில் நகர்ந்தபோது ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டில் ஆடுகள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அத்தையின் கம்போடு.

மதுரையைத் தாண்டிய பிறகு அத்தைக்கு எல்லாமே புதிது. ஜன்னலை விட்டு நகரவில்லை. எந்தெந்த ஸ்டேஷனில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினோம் என்று அப்பா சொல்லியிருந்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பெரிய ஸ்டேஷன் வந்தால், "இங்கனதான் குழாயத் தொறந்துவிட மாட்டேன்னுட்டானாம்" என்பாள். வங்காளத்தில் வயல், குளம், ரோடு என்று பிரிக்க முடியாமல் எங்கும் தண்ணீராக இருந்தது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "ஆட்டுக்குக் குளம்பு அழுகிப்போயிருக்குமே" என்று கவலைப்பட்டாள். பிரம்மபுத்திராவில் பாலம் வந்துவிட்டது. அப்பா காலத்தில் படகு. பாலத்தின் மேல் ரயில் போக, கீழே பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திமாப்பூர் ஸ்டேஷனில் அவர் நின்றிருந்தார். அந்தக் குளிர்ச் சட்டையில் நான் அவரைப் பார்த்ததில்லை. "வந்துட்டியா" என்றார். இத்தனை நாள் எனக்கு வராமல் இருந்த குரல். அத்தை, "மூட்டையத் தூக்குங்க யய்யா, அவ அப்புறமாப் பேசுவா" என்றாள்.

மறுநாள் லாரியில் ஏறினோம். இருபக்கமும் பச்சை. நம் ஊரில் ஒரு நல்ல மழைக்குப் பின் ஒரு வாரம் இருக்குமே, அந்தப் பச்சை அங்கே மலை மலையாக நின்றது. ஒரு வளைவில் அவர் லாரியை நிறுத்த, இறங்கி நடந்து ஏறினோம். நான் மூச்சு வாங்கினேன். தினமும் ஆட்டோடு நடக்கிற கால் அத்தைக்கு. எனக்கு முன்னால் போனாள்.

வயசாளி எங்களை எதிர்பார்த்திருந்தார். குட்டையான, தோள் அகன்ற மனிதர். வீட்டுக்குள் நடுவில் அடுப்பு, கூரையெல்லாம் புகை படிந்த கறுப்பு. அடுப்புக்கு மேலே ஒரு மூங்கில் சட்டத்தைக் காட்டினார். காதுக் கயிறு தொங்கிய இடம் அதுதான். அத்தை கை நீட்டி அந்த மூங்கிலைத் தொட்டாள். விரலில் கரி ஒட்டியது.

அந்தச் சத்தத்தைப் போடச் சொல்லுங்கள் என்றாள். அவர் போட்டார். என்னவர் போட்டதைவிடச் சுத்தமாக இருந்தது. சொடுக்கு, ஓகாரம், கடைசியில் 'ம்ம்'. திரும்பவும் போடச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் போட்டார்.

பிறகு அத்தை கேட்டாள்: "இங்க இருக்கையில பேசுவாரா?"

என்னவர் இந்துஸ்தானியில் கேட்டார். வயசாளி நிறையச் சொன்னார்.

"பேசிக்கிட்டே இருப்பாராம் சித்தி. பொழுது சாஞ்சதும் இந்த அடுப்புப் பக்கம் உக்காந்து பேச ஆரம்பிப்பாராம். இவுகளுக்கு ஒரு வார்த்த புரியாதாம். சும்மா தலைய ஆட்டுவாங்களாம். இவுகளுக்குப் புரியலன்னு அவருக்கும் தெரியுமாம். இருந்தாலும் பேசுவாராம்."

"சிரிச்சுப் பேசுவாரா, அழுதுக்கிட்டா?"

வயசாளி யோசித்தார்.

"ரெண்டும் உண்டுங்காரு."

"ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கான்னு கேளுங்க."

கேட்டார். வயசாளி கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அத்தை முன்னால் குனிந்திருந்தாள். கடைசியில் அவர் கண்ணைத் திறந்து தலையை ஆட்டினார். இல்லை. ஆட்டைக் கூப்பிட்ட சத்தம் மட்டும்தான் நின்றிருக்கிறது. மனுஷனிடம் பேசியதில் ஒன்றும் நிற்கவில்லை.

சரிவில் பெரிய மரத்தடியில் ஒரு கல் நட்டிருந்தார்கள். சுற்றிலும் இடுப்பளவு புதர். வயசாளி முன்னே போய்க் கத்தியால் வெட்டி வழி செய்தார். ஊரிலிருந்து கொண்டுபோன எள்ளையும் கருப்பட்டியையும் வைத்து, தண்ணீர் ஊற்றினாள் அத்தை. பிறகு கழுத்துக் கயிற்றைத் தானே தலைவழியாகக் கழற்றி முந்தியில் முடிந்துகொண்டாள். கையைப் பிடித்து வளையலை உடைக்க அங்கே யாரும் இல்லை. சுற்றி நின்று ஒப்பாரி வைக்கவும் ஆள் இல்லை. நெற்றிக் குங்குமத்தை அழிக்க அவளுக்கே தோன்றவில்லை. கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். நாங்கள் விலகி நின்றோம், என்ன சொன்னாள் என்று தெரியாது.

முகாமுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் சில நாள் தங்கினோம். அவரோடு இருந்த அந்த நாள்கள் ஒவ்வொன்றும் முடியும்போதே எனக்கு ஏக்கமாக இருக்கும். மூத்தவள் அங்கே வயிற்றில் தங்கியவள். புறப்படும் நாளில் ரயில் நகர்ந்து, பிளாட்பாரத்தில் அவர் சின்னதாகிக்கொண்டே போனபோது நான் உடைந்து அழுதேன். அத்தை என் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு இப்ப மனசு ஆறிருச்சா அத்தே?" என்று அழுகையோடேயே கேட்டேன். ஏன் அப்போது அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"முன்னாடியெல்லாம் எப்ப வருவாரு எப்ப வருவாருன்னு இருக்கும். இப்ப அது இல்ல மக்கா. என்ன பேசியிருப்பாருன்னு இருக்கு."

ஊருக்கு வந்தோம். வெறும் கழுத்தும் நெற்றியில் குங்குமமுமாக அத்தை ஆடு மேய்க்கப் போனாள். பார்த்தவர்கள் முதலில் திகைத்தார்கள். கேட்டவர்களுக்கு, "போயிப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றாள். அந்தப் பதிலுக்கு மேல் என்ன கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் பழகிப்போனது. அப்பா ஆட்டுத் தொழுவத்துக்கு வந்து போவது மட்டும் அதன்பிறகு நிற்கவில்லை. சாயங்காலம் கடையை அடைத்ததும், இரண்டு பேரும் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் என்னவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். பழைய லாரி ஒன்று வாங்கி ராஜபாளையத்துக்கும் கோவில்பட்டிக்கும் பஞ்சு ஏற்றினார். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் அத்தை எதிரே வந்து உட்காருவாள். அப்போது அவளுக்குக் கண் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆடுகளும் குறைந்துவிட்டன.

"யய்யா, அந்தூர்ப் பேச்சு பேசுங்க" என்பாள்.

அவருக்கு அந்த மலைப்பக்கத்துச் சந்தைப் பேச்சு நன்றாகவே வரும். முதலில் ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழில் அர்த்தம் சொன்னார். அத்தை கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். அர்த்தம் வேண்டாம், பேசினால் போதும். அவர் பேசுவார். டயர் வெடித்ததை, கோவில்பட்டியில் லோடு இறக்க நேரமானதை, குழந்தைக்குப் புது ஸ்லேட் வாங்க வேண்டியதை எல்லாம் அந்தப் பாஷையில் அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் புரியாமல், அங்கங்கே தலையை ஆட்டிக்கொண்டு கேட்டிருப்பாள்.